ராஜமாணிக்கம் கீழே போடாத மிஷின்

பெங்களூர் அடுகோடியில் ஒரு கனமான மிஷின் லாரியில் வந்து நின்றால் அந்தக் காலத்தில் கிரேனைத் தேடி யாரும் ஓடமாட்டார்கள். எங்கள் சந்துகளுக்குள் கிரேன் நுழையவும் நுழையாது. ராஜமாணிக்கம் மேஸ்திரிக்கு ஆள் அனுப்புவார்கள். கடப்பாரை, உருட்டுவதற்கு இரும்புக் குழாய்கள், மரக்கட்டைகள், சங்கிலி போட்டுத் தூக்குகிற செயின் பிளாக் எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு தன் ஆட்களோடு அவர் வந்து சேருவார். ஆள் பார்க்க ஒல்லி. முதல்முறை பார்ப்பவர்கள் மேஸ்திரி எங்கே என்று அவரிடமே கேட்பார்கள்.

என் பெயர் சுந்தரம். அதே தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அவர் கயிறும் கிரீஸும் வாங்குவது என்னிடம்தான். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும் என்று தெருவில் சொல்வார்கள். வரட்டும். இந்த விஷயத்தில் கோபம் வராதவனைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

வேலையில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சுமை அந்தரத்தில் தொங்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலாளியாக இருந்தாலும் சரி. ஒருமுறை தெருவில் வழி கேட்டு ஹாரன் அடித்த போலீஸ் ஜீப்பையே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். இன்னொரு வழக்கம், சுமையில் கை வைப்பதற்கு முன் சொந்தக்காரரை லாரி மேல் ஏற்றிச் சாமானைச் சுற்றி ஒரு வலம் வரவைப்பது. "இங்க கீறல் இருக்குது, இங்க பலகை ஒடஞ்சிருக்குது, பாத்துக்கினீங்களா?" என்று கேட்பார். அவர்கள் "பாத்துட்டேன்" என்று வாயால் சொல்லவேண்டும். காகிதம் கிடையாது. அதற்கு முன் வந்த சேதத்துக்கு மேஸ்திரி பொறுப்பில்லை, அதற்கு அப்புறம் வந்தால் மேஸ்திரி பொறுப்பு. எங்கள் தெருவில் இதற்கு மேல் ஒரு சட்டம் தேவைப்பட்டதில்லை. அவர் கையிலிருந்து எதுவும் விழுந்ததாகவும் ஒரு பேச்சு கிடையாது. அந்த ஒரு பேரை வைத்துத்தான் அவர் மகள் தாரணியைக் கட்டிக்கொடுத்தார், வீட்டுக்குத் தளம் போட்டார்.

என் கடைக்கு எதிர் ஷெட் சேஷகிரியுடையது. கார் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உருப்படிகள் கடைந்து கொடுப்பவர். கன்னடக்காரர், ஆனால் வேலையாட்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தீபாவளிக்குத் தன் கையால் எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவன் செய்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

தொண்ணூற்றொன்றுக்கு அப்புறம் வெளிநாட்டுச் சாமான் வரவழைப்பது கொஞ்சம் சுலபமானது. ஆளாளுக்கு வரவழைத்தார்கள். சேஷகிரியும் ஆசைப்பட்டு, ஜெர்மனியில் யாரோ ஓட்டிவிட்டு விற்ற ஒரு கம்ப்யூட்டர் லேத்தை, அதாவது கடைசல் மிஷினை, வாங்கினார். ஷெட்டையே பேங்கில் வைத்து வாங்கியது. அதை ஓட்டப்போகிறவன் தாரணியின் புருஷன் கிஷோர். சேஷகிரியின் ஷெட்டில் டர்னர். புது மிஷினுக்காக அவனை சேஷகிரி ஒரு பயிற்சிக்குக்கூட அனுப்பி வைத்திருந்தார். பொம்மனஹள்ளியில் வாடகை வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பிள்ளைகள் இந்த மிஷினைத்தான் நம்பி இருந்தார்கள்.

மிஷின் கப்பலில் மெட்ராஸ் வந்து, கன்டெய்னரோடு பெங்களூர் டிப்போவுக்கு வந்து, அங்கே கஸ்டம்ஸ் காரியங்களுக்கு சேஷகிரி வைத்திருந்த கிளியரிங் ஏஜெண்ட் கையெழுத்துப் போட்டு எடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எங்கள் தெருவுக்கு வந்தது. வீடு மாதிரி ஒரு மரப்பெட்டி. அதன் பின்பக்க மூலை நொறுங்கி உள்ளே போயிருந்தது. கன்டெய்னருக்குள் அந்தப் பக்கம் சுவரை ஒட்டி இருந்ததாம். ஏஜெண்ட் திருப்பிப் பார்க்கவே இல்லை. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ராஜமாணிக்கம் வழக்கம்போல சேஷகிரியை லாரி மேல் ஏற்றினார்.

"சார், இந்த மூலையைப் பாருங்க. எங்கியோ நல்லா அடி வாங்கிக்கினு வந்திருக்குது. பாத்துக்கினீங்களா?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன். எறக்கு மேஸ்திரி."

தெருவே கேட்டது. நானும் கேட்டேன். அப்புறம் பூப்போல அதை இறக்கி, உருளைக் குழாய் மேல் தள்ளி, ஷெட்டுக்குள் நிறுத்தினார்கள். டீ டம்ளர் வைத்த தட்டை எடுத்துப் போவது மாதிரிப் போனது.

அடி வாங்கின பெட்டியைப் பிரிக்கும் முன் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கவேண்டும். அது சேஷகிரிக்கும் தெரியும். போன் போட்டும் சொல்லியிருந்தார். ஆனால் சர்வேயர் மத்தியானம்தான் வருவாராம். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பிக்கிறது. மிஷின் பூஜைக்கு ஐயர் வந்து உட்கார்ந்துவிட்டார். பூசணிக்காய் தயார். மிஷினுக்குக் குங்குமம் வைக்கவேண்டுமே தவிரப் பெட்டிக்கு வைக்க முடியுமா? நல்ல நேரத்தை விட்டால் அப்புறம் மத்தியானத்துக்கு மேல்தான். "பிரிச்சிடலாம் சார், சாமி காரியம் தள்ளிப்போகக் கூடாது" என்று நான்கு பேர் சொன்னோம். ராஜமாணிக்கமும் சொன்னார். சொல்லிவிட்டு அவரே கடப்பாரை எடுத்து முதல் பலகையைப் பெயர்த்தார்.

எங்கள் தெருவில் சீமைப் பெட்டி பிரிந்தால் பலகைக்கு அடிதடி நடக்கும். அலமாரிக்கு ஒருத்தர், கோழிக்கூண்டுக்கு ஒருத்தர் என்று நல்ல பலகையெல்லாம் ஐயர் மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் காணாமல் போயிற்று. நொறுங்கிப் போன மூலைப் பலகைகள் யாருக்கும் வேண்டாம். ஷெட்டைப் பெருக்குகிற சந்திரம்மா அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போய், வாசலில் மூன்று செங்கல் வைத்துச் சர்க்கரைப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டினாள். காய்ந்த மரம், நன்றாக எரிந்தது.

பூசணிக்காய் உடைத்து, பொங்கலைக் கையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கிஷோர் மிஷினைச் சுற்றியிருந்த வெள்ளிக் காகிதத்தை முழுதாகப் பிரித்தான்.

"மாமா, இங்க வாங்க."

நொறுங்கின மூலைக்கு நேராக வார்ப்பிரும்பில் ஒரு விரிசல் கீழிருந்து மேல்வரை ஓடியிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டி கோணிப்போய்க் கண்ணாடி சில்லாகக் கொட்டியது. பொங்கல் வாயிலேயே நின்றுவிட்டது. சேஷகிரி அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் சர்வேயர் பாலசுப்ரமணியன் வந்தார். கழுத்தில் கேமரா, கையில் தோல் பை. கேட்ட முதல் கேள்வி, "பெட்டி எங்கே?"

 சந்திரம்மாதான் ஒளிவுமறைவு தெரியாதவள். அடுப்பைக் காட்டி, "அதோ சார், எரிஞ்சுபோச்சு" என்றாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். கொடுத்த பொங்கலை மட்டும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு சொன்னார்: "பேக்கிங் இல்லாம நான் எதை வெச்சு எழுதறது? டிப்போல உங்க ஏஜெண்ட் நல்ல நிலைமைன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். அப்போ கப்பல்காரனையும் கேக்க முடியாது, டிப்போவையும் கேக்க முடியாது. வழியில உடைஞ்சதுங்கறதுக்கு என்ன சாட்சி?"

"நான் சாட்சி சார்" என்றேன். "மூலை நொறுங்கித்தான் வந்தது. இந்தக் கண்ணால பாத்தேன்."

"நீங்க யாரு?"

"எதிர்க் கடை."

"ஓ" என்றார். அவ்வளவுதான். பையை மூடிவிட்டார். எங்கள் தெருவில் இத்தனை வருஷம் நடந்த "பாத்துட்டேன்" என்கிற சொல்லுக்கு அவரிடம் ஒரு வரிகூட இடம் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அம்பலம் எதற்கு, அந்தத் தோல் பைக்குள்கூட ஏறவில்லை.

பழி எங்கே போய் நிற்கும் என்று நான் யோசித்தேன். கப்பலில் விழுந்ததா, கிரேனில் இடித்ததா, யார் கண்டது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் ஏஜெண்ட். காத்திருக்காமல் பிரிக்கச் சொன்னவர் சேஷகிரி. சரி சரி என்றவர்கள் நாங்கள். இத்தனை பேர் இருக்க, அது எங்கே போய் நின்றது தெரியுமா? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ராஜமாணிக்கம் என் கடையில் கயிறு பார்த்துக்கொண்டிருந்தபோது சேஷகிரி வந்தார்.

"மேஸ்திரி, ஒந்து மாத்து. ஒரே ஒரு வார்த்தை. கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"ஷெட்டுக்குள்ள மிஷின் உக்கார்ற வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்குது. எறக்கும்போது செயின் வழுக்கி விழுந்திருச்சுன்னு நீ எழுதிக் குடுத்தா கிளெய்ம் வந்துரும். ஏஜெண்ட்தான் யோசனை சொன்னாரு. உன்கிட்ட யாரும் ஒரு பைசா கேக்க மாட்டாங்க. நான் பொறுப்பு."

"நான் போடலியே சார்."

"எனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். சும்மா பேப்பர்லதானே?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏன் சார், பாக்காம கையெழுத்துப் போட்டேன்னு அந்த ஏஜெண்டை எழுதிக் குடுக்கச் சொல்லுங்களேன். அதுவாவது நெசம்" என்றேன்.

"அவரு லைசென்ஸ் போயிடும் சுந்தரம். மேஸ்திரிக்கு இன்னா போகப்போகுது?"

வஞ்சகமாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார். கூலிக்காரனுக்குப் போவதற்கு என்ன இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். லைசென்ஸை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம், எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ராஜமாணிக்கத்தின் பேரை எந்த ஆபீஸும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. அதனால் அது இல்லாத பொருள் ஆகிவிட்டது. நான் கத்தினேன். ராஜமாணிக்கம் கத்தவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று கயிற்றைக்கூட வாங்காமல் போனார்.

மறுநாள் அவர் மனைவி மங்களம் கடைக்கு வந்தாள். விவேக் நகரில் இரண்டு வீட்டில் சமையல் செய்கிறவள். வாய் சுருக்கென்று பேசும்.

"ஏண்ணா, செயின் அறுந்தா உங்க கடையில கிடைக்குது. பேரு போனா விக்கிறீங்களா?"

"நானும் அதையேதாம்மா சொன்னேன்."

"நாளைக்கு எவன் கூப்புடுவான் இவரை? கேட்டா, சேஷகிரி சார் நல்லவரு, கைவுட மாட்டாருன்றாரு."

"கிஷோர் இன்னா சொல்றான்?"

அவள் முகம் மாறிவிட்டது. "அவன் ஒண்ணுமே சொல்லலண்ணா. அதுதான் பேஜாரு."

பேங்க் ஷெட்டைப் பூட்டினால் கிஷோரோடு சேர்த்து அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் வேலை போகும். தாரணி கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்து உட்காரவேண்டியதுதான். சாயந்திரம் ராஜமாணிக்கமே வந்தார். "அந்தப் பையன் வாய் தொறந்து கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன் சுந்தரம். கேக்காமலே வந்து நிக்கிறானே" என்றார். எழுதிக் கொடுத்துவிடுவார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சர்வேயர் மறுபடி வந்தார். எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாதாம், எப்படி விழுந்தது என்று செய்து காட்டவேண்டுமாம். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. செயின் பிளாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜமாணிக்கம் நின்றார். அவர் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். சின்னப்பா என்று ஒருத்தன், அவரோடு இளம் வயதிலிருந்து சுமை தூக்குகிறவன், தாங்க முடியாமல் வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான்.

"எந்தப் பக்கம் சாஞ்சுது?" என்று பாலசுப்ரமணியன் கேட்டார்.

ராஜமாணிக்கம் இடதுபக்கம் கையைக் காட்டினார். விரிசல் இருந்தது வலதுபக்கம். சேஷகிரி இருமினார். கை வலதுபக்கம் வந்தது.

"எவ்வளவு உயரத்துலேர்ந்து?"

தெரியவில்லை அவருக்கு. எப்படித் தெரியும்? வாழ்க்கையில் ஒன்றைக்கூடக் கீழே போட்டுப் பழகாதவரிடம் போடுவது எப்படி என்று கேட்டால்? முழங்காலைத் தொட்டு, "இவ்ளோ" என்றார். பாலசுப்ரமணியன் எழுதிக்கொண்டார். அவருக்கும் தெரியும் இது பொய் என்று. அவரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நீட்டின காகிதத்தில் ராஜமாணிக்கம் தகப்பன் பேரின் முதலெழுத்தோடு தமிழில் தன் முழுப்பேரையும் எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகப் பழமொழி சொல்வார்கள். அன்று எங்கள் தெருவில் ஒரு முழு மனிதரை மறைத்தார்கள். படித்தவர்களும் பணக்காரர்களும் சேர்ந்து, மரியாதையாக, நாற்காலி போட்டு உட்காரவைத்து மறைத்தார்கள்.

கிளெய்ம் வந்தது. வார்ப்புக்கு ஒட்டுப்போட்டு, புதுக் கம்ப்யூட்டர் பெட்டி வரவழைத்து மாட்டினார்கள். மிஷின் ஓடியது. கிஷோர் ராப்பகலாக ஓட்டினான், சம்பளம் ஏறியது. ஷெட்டும் பக்கத்து மனை வரை நீண்டது. சேஷகிரி மங்களத்துக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கிக் கொடுத்தார். அவள் அதை மகளிடம் கொடுத்துவிட்டாள், ஒருநாளும் கட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது மிஷின் வந்தபோது ராஜமாணிக்கம் கேள்விப்பட்டுத் தள்ளுவண்டியோடு காலையிலேயே வந்து நின்றார். கூப்பிட ஆள் வரவில்லை, வேலை நெருக்கடியில் சேஷகிரி மறந்திருப்பார் என்று நினைத்திருக்கிறார். அதற்குள் பொம்மனஹள்ளியிலிருந்து வேறு கூட்டம், ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு, இறக்க ஆரம்பித்திருந்தது. சேஷகிரி வெளியே வந்து, "இன்னொரு தடவை பாக்கலாம் மேஸ்திரி" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. ராஜமாணிக்கம் வண்டியைத் திருப்பினார். சின்னப்பாதான் தெரு முனை வரைக்கும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே போனான்.

நான் விடவில்லை. போய் நேராகக் கேட்டேன்.

"இன்சூரன்ஸ்காரங்க கேக்குறாங்க சுந்தரம், எறக்கறது யாருன்னு. அவங்க பேப்பர்ல மேஸ்திரி பேரு இருக்குதே, போட்டவருன்னு. அவரை வெச்சா பாலிசியே குடுக்க மாட்டேங்குறாங்க. ஏனு மாடோது? நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"நீங்கதானே சார் எழுத வெச்சீங்க?"

"நான்தான். இல்லேங்கலியே" என்றார். இல்லை என்று சொல்லவே இல்லை அந்த மனுஷன். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? அந்த ஏஜெண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மிஷினுக்கும் அவரேதான் கையெழுத்து.

பிறகு மற்ற ஷெட்காரர்களும் மெல்ல விலகினார்கள். உண்மை தெரிந்தவர்கள்தான். அவர்களுக்கும் இன்சூரன்ஸ் உண்டு, அவர்களிடமும் அதே கேள்வி. தெருவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கோ அவர் மிஷினைப் போட்ட மேஸ்திரி, அவ்வளவுதான். ஆட்கள் ஒவ்வொருத்தராகப் பிரிந்து போனார்கள். ஓசூர் ரோட்டில் ஒரு அபார்ட்மெண்டில் அவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. லீவு நாளில் என் கடைக்கு வந்து ஸ்டூல் போட்டு உட்காருவார். பழைய கதை பேச மாட்டார். நான் எடுத்தாலும், "விடு" என்பார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் போயிருக்கும். அப்படி அவர் உட்கார்ந்திருந்த ஒரு நாள், பொம்மனஹள்ளிப் பக்கத்து மேஸ்திரி ஒருத்தன் கயிறு வாங்க வந்தான். இளவட்டம், நல்ல பையன்தான். கயிற்றைப் பார்த்துக்கொண்டே செல்போனில் தன் ஆட்களோடு பேசினான்.

"டேய், நான் வர்ற வரைக்கும் தூக்காதீங்க. கட்டை ஒழுங்கா வைங்கடா. ராஜமாணிக்கம் பண்ணிடாதீங்க."

 ராஜமாணிக்கம் ஸ்டூலிலிருந்து அவனைத் திரும்பிப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"யாருப்பா அது, ராஜமாணிக்கம்?"

"தெரியாதா பெரியவரே? இந்த ஏரியா ஆளுதான் யாரோ. ஜெர்மன் மிஷினைப் போட்டு உடைச்சுட்டு, நான்தான் போட்டேன்னு எழுதியும் குடுத்தவரு. எங்க லைன்ல எவனாவது அஜாக்கிரதையா இருந்தா அவரு பேரைத்தான் சொல்லுவோம்."

"யோவ், இவர்தான்யா அது" என்று நான் எழுந்துவிட்டேன். "இவரு எதையும் போடலை. உடைஞ்சுதான் வந்தது. நான் பாத்தேன். இந்தத் தெருவே பாத்தது."

பையன் வெலவெலத்துப் போனான். செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சுக்கங்க பெரியவரே, தெரியாம சொல்லிட்டேன்" என்றான். கொஞ்சம் நின்றான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தப்பா நினைக்காதீங்க. போடாதவரு எதுக்குப் போட்டேன்னு எழுதிக் குடுத்தாரு?"

நான் வாயைத் திறந்தேன். ஏஜெண்டிலிருந்து ஆரம்பிப்பதா, சேஷகிரியிலிருந்தா, வாய் திறந்து கேட்காமல் வந்து நின்ற கிஷோரிலிருந்தா? எங்கே ஆரம்பித்தாலும் இந்தப் பையன் தலையாட்டிவிட்டு, மறுபடி இதையே கேட்பான். ராஜமாணிக்கம் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"விடு சுந்தரம். நியாயமாத்தான் கேக்குறான். அந்த இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்" என்றார். பிறகு பையனைக் காட்டி, "கயித்தை அளந்து குடு. ஆளுங்க காத்துக்கினு இருப்பாங்க" என்றார்.